கைரேகையிலிருந்து ஊதியச் சீட்டு வரை: தானியங்கி வருகைப்பதிவில் நிமிடக் கணக்கு

ஆய்வுச் சுருக்கம்

தொழில் நிறுவனங்களில் கையால் எழுதப்பட்ட வருகைப் பதிவேட்டின் இடத்தை இன்று கைரேகைக் கருவியும் முகமறி கருவியும் கைப்பேசிச் செயலியும் பிடித்துள்ளன. ஒருவர் ஒரு கணத்தில் ஓரிடத்தில் இருந்தார் என்பதை மட்டுமே கருவி பதிகிறது. அக்கணங்களை ஊதியத்துக்குரிய நேரமாக மாற்றுபவை நிறுவனம் அமைக்கும் விதிகளே. பதிவு, இணைப்பு, முழுமைப்படுத்தல், தாமதக் கழிப்பு, திருத்தம் ஆகிய படிகளை இக்கட்டுரை விளக்குகிறது. தொழிலாளியின் ஊதியம் அவற்றுள் எங்கே குறைகிறது என்பதை இந்தியத் தொழிலாளர் சட்டங்களோடு பொருத்திக் காண்கிறது.

திறவுச் சொற்கள்: வருகைப்பதிவு, கைரேகை, நேரக் கணக்கு, முழுமைப்படுத்தல், தாமதக் கழிப்பு, மிகைநேர ஊதியம், ஊதியக் குறிமுறை

முன்னுரை

ஆலை வாயிலில் உள்ள கருவியில் தொழிலாளி விரலை வைக்கிறார். பச்சை விளக்கு எரிகிறது. ‘தேங்க் யூ’ என்னும் பதிவுக்குரல் கேட்கிறது. அவர் வேலைக்கு வந்ததற்கு அதுவே சான்று என்று அவரும் கருதுகிறார், நிறுவனமும் கருதுகிறது. ஆயினும் அந்தக் குரலுக்கும் மாத முடிவில் அவர் பெறும் ஊதியச் சீட்டுக்கும் இடையே பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மென்பொருளை நிறுவிய நாளன்று ஒருமுறை எடுக்கப்பட்டு, பின்னர் எவராலும் மீண்டும் பார்க்கப்படாதவை.

தானியங்கி வருகைப்பதிவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் நன்மைகளைச் சுற்றியே அமைகிறது. டைம் ஆபீஸ் எழுத்தர் பல நாள் உட்கார்ந்து போட்ட கணக்கைக் கணினி சில நிமிடங்களில் முடிக்கிறது. ஒருவருக்காக மற்றொருவர் வருகை பதிவது குறைகிறது. மிகைநேரக் கணக்கு உடனுக்குடன் தெரிகிறது. இவை மெய்யான நன்மைகளே. ஆனால் பழைய முறையில் எழுத்தரின் பேனாவில் இருந்த அதிகாரம் புதிய முறையில் மறைந்துவிடவில்லை. மென்பொருளின் அமைப்புப் பக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது. எழுத்தரோடு வாதிட முடிந்த தொழிலாளிக்கு அந்தப் பக்கம் கண்ணில் படுவதே இல்லை.

பேரும் அரைப்பேரும்

இயந்திரத்துக்கு முந்திய வருகைப்பதிவைப் புரிந்துகொள்ளத் தமிழில் ஒரு நல்ல சான்று உண்டு. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளர் கூடும் இடம் பெரட்டுக்களம் எனப்பட்டது. தப்பு முழக்கம் கேட்டு அங்கு வந்தோரைக் கணக்கப்பிள்ளை எண்ணி வேலைக்குப் பிரித்தனுப்புவார். ஒரு நாள் வேலையைக் குறிக்க அங்கு வழங்கிய சொல் ‘பேர்’ என்பதாகும். செக்ரோலில் பெயருக்கு நேரே முழு நாள் குறிக்கப்பட்டால் ஒரு பேர். நேரத்துக்கு வராதவர்க்கோ விதித்த அளவு கொழுந்து பறிக்காதவர்க்கோ அரைப்பேர்.

இச்சொல் வழக்கில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. வந்தாரா என்பதும், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதும், எவ்வளவு வேலை செய்தார் என்பதும் தனித்தனிக் கேள்விகள். ‘பேர்’ என்னும் ஒற்றைச் சொல் அம்மூன்றையும் ஒன்றாக்கி ஒருவரின் தீர்ப்புக்கு விட்டுவிடுகிறது. அரைப்பேர் போடுவது பதிவாகவும் தண்டனையாகவும் ஒரே கோட்டில் அமைந்தது. இன்றைய மென்பொருளில் ‘அரை நாள்’ என்று தோன்றும் குறியீட்டுக்கும் இதற்கும் உள்ள உறவு, மேற்பார்வைக்குத் தெரிவதைவிட நெருக்கமானது.

ஆலைகளின் வரலாறு வேறு வழியில் சென்றது. கோவை, மதுரை போன்ற நகரங்களில் மில் சங்கு ஊதியபோது ஆலைத் தொழிலாளர் மட்டுமன்றி ஊரே நேரம் அறிந்தது. சங்கு ஷிப்டின் தொடக்கத்தை அறிவித்தது. வாயிலில் இருந்த டைம் கீப்பர் வருகையைக் குறித்தார். நேரத்தை அறிவிப்பதும் வருகையைக் குறிப்பதும் ஒரே பொறியில் சேர்ந்தது அமெரிக்காவில். நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் நகை வணிகராக இருந்த வில்லர்ட் பண்டி 1888இல் ஒரு நேரப்பதிவுக் கடிகாரத்தை உருவாக்கினார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த தனிச் சாவி உண்டு. அதைக் கடிகாரத்தில் இட்டுத் திருப்பினால் எண்ணும் நேரமும் தாளில் அச்சாகும். 1894இல் டேனியல் கூப்பர் அட்டையில் நேரத்தை அச்சிடும் முறையைக் கொணர்ந்தார். பண்டியின் நிறுவனம் பிற நிறுவனங்களோடு இணைந்து வளர்ந்து, 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்ற நிறுவனத்தின் வேர்களுள் ஒன்றாயிற்று. ‘பஞ்ச்’ என்னும் சொல்லை இன்றும் அலுவலகங்களில் வழங்கச் செய்தது இந்த அட்டைக் கடிகாரமே.

கூப்பரின் அட்டையில் ஒரு நற்பண்பு இருந்தது. அட்டை தொழிலாளியின் கண்முன் இருந்தது. அதில் அச்சான நேரத்தை அவரே படிக்க முடிந்தது. வார முடிவில் கணக்கு தவறினால் அட்டையைக் காட்டிக் கேட்க முடிந்தது. பின்வந்த கருவிகள் பலவற்றில் இந்தப் பண்பு இழக்கப்பட்டது.

கருவி எதைப் பதிகிறது

கைரேகைக் கருவி விரலின் படத்தை அப்படியே வைத்து ஒப்பிடுவதில்லை. ரேகைகள் முடியும் இடங்களையும் இரண்டாகப் பிரியும் இடங்களையும் கண்டறிந்து, அவற்றின் இருப்பையும் திசையையும் எண்களாக்கி ஓர் அச்சுருவைச் சேமிக்கிறது. அடுத்த முறை விரல் வைக்கும்போது புதிய அச்சுருவும் பழையதும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதற்கு ஒரு மதிப்பெண் கிடைக்கிறது. நிர்ணயித்த எல்லையை அது தாண்டினால் ‘இவர் அவரே’ என்று கருவி கொள்கிறது. எனவே கருவியின் விடை எப்போதும் நிகழ்தகவு சார்ந்ததே. எல்லையை உயர்த்தினால் உரியவரையே மறுக்கும் பிழை கூடும். தாழ்த்தினால் வேறொருவரை ஏற்கும் பிழை கூடும்.

ஒப்பிடும் முறையும் இரு வகைப்படும். தொழிலாளி தம் எண்ணை அழுத்திவிட்டு விரல் வைத்தால், கருவி ஓர் அச்சுருவோடு மட்டும் ஒப்பிடுகிறது. எண் இல்லாமல் விரலை மட்டும் வைத்தால், சேமித்த அனைவரோடும் ஒப்பிட வேண்டும். ஓர் ஒப்பீட்டில் தவறாகப் பொருந்தும் வாய்ப்பு 1,00,000இல் ஒன்று எனக் கொள்வோம். 1,000 பேர் உள்ள ஆலையில் எண்ணின்றி விரல் வைக்கும் ஒவ்வொரு முறையும் பிறர் ஒருவரோடு பொருந்திப்போகும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்றாகிவிடும். எண்ணை அழுத்தச் சொன்னால் இப்பிழை வெகுவாகக் குறையும். ஆனால் வரிசை நீளும்.

வரிசை சிறிய செய்தியன்று. ஒருவருக்கு 4 வினாடி எனக் கொண்டாலும் 600 பேர் ஒரே கருவியில் பதிய 40 நிமிடம் ஆகும்; நான்கு கருவிகள் இருந்தால் 10 நிமிடம். 7.52க்கு வாயிலை அடைந்தவரின் பெயரில் 8.02 பதிவானால், அந்தத் தாமதம் யாருடையது? கருவிகளின் எண்ணிக்கையைத் தீர்மானித்தவர் நிறுவனத்தார். தாமதம் எழுதப்படுவதோ தொழிலாளியின் கணக்கில். கருவி வாங்கும்போது விலையை ஒப்பிடும் நிறுவனங்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நன்று.

ரேகை தேய்வது மற்றொரு சிக்கல். சிமெண்டு, சுண்ணாம்பு, சாயநீர், உப்புநீர் ஆகியவற்றில் கைவைத்து உழைப்போர்க்கும் முதியோர்க்கும் ரேகைகள் மங்கிவிடுகின்றன. உடலுழைப்பு மிகுந்த பணிகளில் இருப்போரையே கருவி மிகுதியாக மறுக்கிறது என்பது இதன் விளைவு. அத்தகையோர்க்கு மாற்று வழி, அதாவது அட்டையோ கடவு எண்ணோ, முதல் நாளிலேயே இருக்க வேண்டும். மறுக்கப்பட்ட பின் மேற்பார்வையாளரைத் தேடிச் சென்று கையெழுத்துப் பெறுவதை மாற்று வழி என்று சொல்ல இயலாது.

கொரோனாப் பரவலின் தொடக்கத்தில், 2020 மார்ச்சில், இந்திய நடுவணரசு தன் அலுவலகங்களில் ஆதார்வழிக் கைரேகைப் பதிவை நிறுத்திவைத்தது. பலர் தொட்ட பரப்பைத் தொட வேண்டியிராத முகமறி கருவிகள் அக்காலத்தில் பெருகின. முகத்தையோ படத்தையோ நம்பும் முறைகளும் தாமாகவே உண்மையை உறுதிசெய்வதில்லை என்பதற்கு நூறு நாள் வேலைத்திட்டம் சான்று. அத்திட்டத்தில் 2021 மே மாதம் அறிமுகமான தேசியக் கைப்பேசிக் கண்காணிப்புச் செயலி 2023 ஜனவரி முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. தொழிலாளரின் படத்தை இடக்குறிப்போடு நாளுக்கு இருமுறை ஏற்ற வேண்டும் என்பது விதி. 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே வெளியிட்ட சுற்றறிக்கை, வேலைக்குத் தொடர்பற்ற படங்கள் ஏற்றப்படுவதையும், ஏற்கெனவே எடுத்த படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றுவதையும் முறைகேடுகளாகச் சுட்டியது. ஏற்றப்பட்ட படங்களை மனிதர் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. மனிதரின் சரிபார்ப்பைத் தவிர்க்கவே வந்த செயலிக்கு மனிதரின் சரிபார்ப்புத் தேவைப்பட்டது. மறுபுறம், இணைய இணைப்புக் கிட்டாத இடங்களில் உண்மையாகவே உழைத்தோரின் வருகை பதியாமற்போனதும் இத்திட்டத்தில் பேசப்பட்ட குறையே.

கருவிக்குள் இருக்கும் கடிகாரத்தையும் மறந்துவிடலாகாது. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள படிகக் கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ 1.7 வினாடி விலகும். மாதத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம். சேவையகத்தோடு நேரம் ஒத்திசைக்கப்படாத கருவி ஆறு மாதத்தில் ஐந்து நிமிடம் வரை விலக இது போதும். இரு வாயில்களில் இரு நேரம் காட்டும் ஆலையில், எந்த வாயில் வழியாக வந்தார் என்பதே ஒருவர் தாமதமா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடும்.

பதிவுகளை இணைத்தல்

கருவி தருவது எண், நேரம், இடம் ஆகிய மூன்றும் கொண்ட வரிகளின் பட்டியல் மட்டுமே. ‘உள்ளே’, ‘வெளியே’ என்னும் பொருளைப் பல கருவிகள் தருவதில்லை. ஒரு நாளின் முதற்பதிவை வருகை என்றும் இறுதிப்பதிவை வெளியேற்றம் என்றும் மென்பொருள் கொள்கிறது. பகல் ஷிப்டுக்கு இவ்விதி பொருந்தும். இரவு ஷிப்டில் உடைந்துவிடும்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 5ஆம் தேதி இரவு 9.52க்கு வருகிறார், 6ஆம் தேதி காலை 6.04க்குச் செல்கிறார்; அன்றிரவு 9.55க்கு மீண்டும் வருகிறார். நாட்காட்டித் தேதிப்படி பிரிக்கும் மென்பொருள், 5ஆம் தேதியில் ஒரே பதிவு இருப்பதால் அவரை வராதவராகக் கொள்ளும். 6ஆம் தேதியில் காலை 6.04 வருகை, இரவு 9.55 வெளியேற்றம் என எடுத்துக்கொண்டு 15 மணி 51 நிமிடம் வேலை செய்தார் என்று காட்டும். இரண்டும் பொய். இரண்டாவது பொய் தொழிலாளிக்குச் சாதகமாகத் தோன்றினாலும், மிகையான எண் கண்ணில் பட்டவுடன் கணக்கர் அதை நீக்கிவிடுவார். முதல் நாளின் ‘வரவில்லை’ எவர் கண்ணிலும் படாமல் நின்றுவிடக்கூடும்.

இதற்கு இரு தீர்வுகள் கையாளப்படுகின்றன. ஒன்று, கணக்கு நாளை நள்ளிரவில் தொடங்காமல் நண்பகலில் தொடங்குவது. மற்றொன்று, ஷிப்டுப் பட்டியலை மென்பொருளுக்கு முன்கூட்டித் தந்து, ஒவ்வொரு பதிவையும் அதற்கு அருகில் உள்ள ஷிப்டோடு இணைப்பது. இரண்டாவது முறை செம்மையானது. ஆனால் இருவர் தமக்குள் ஷிப்டை மாற்றிக்கொள்வதும், மேற்பார்வையாளர் வாய்மொழியாக ஒருவரை அடுத்த ஷிப்டுக்கும் நிற்கச் சொல்வதும் ஆலைகளில் அன்றாட நிகழ்வு. அது பட்டியலில் ஏறாதவரை கணக்கு தவறும். ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் இச்சிக்கல் இரட்டிக்கிறது. ஷிப்டை மாற்றியவர் ஆலையின் மேற்பார்வையாளராகவும், பட்டியலைத் தருபவர் ஒப்பந்தக்காரராகவும் இருப்பதால் திருத்தம் கோரித் தொழிலாளி இருவரிடமும் அலைய நேர்கிறது.

நிமிடங்களை முழுமைப்படுத்தல்

ஊதியத்தை உண்மையில் மாற்றும் படி இதுவே. பதிவான நேரத்தை அருகில் உள்ள கால் மணிக்கோ பத்து நிமிடத்துக்கோ முழுமைப்படுத்தும் வழக்கம் கையால் கணக்குப் போட்ட காலத்தில் தோன்றியது. அமெரிக்க நடுவணரசின் தொழிலாளர் விதிகள், காலப்போக்கில் கூடுதலும் குறைதலும் சமனாகும் என்னும் நிபந்தனையோடு கால் மணி வரை முழுமைப்படுத்த இடந்தந்தன. வினாடி வரை கணக்கிடும் கணினி வந்த பின்னும் இவ்வழக்கம் மென்பொருள்களில் ஒரு தேர்வாகத் தொடர்கிறது. இதற்கு இன்று தக்க காரணம் ஏதும் காண இயலவில்லை.

சமனாகும் என்னும் நிபந்தனை நடைமுறையில் நிறைவேறுவது அரிது. தாமதத்துக்குத் தண்டனை உண்டு என்பதால் தொழிலாளர் சற்று முன்னதாகவே வருவர். கையிலுள்ள வேலையை முடித்துவிட்டுச் சற்றுப் பின்னரே செல்வர். காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, இடையில் ஒரு மணி உணவு இடைவேளையோடு, நாளுக்கு 8 மணி வேலை என்று கொள்வோம். 7.53க்கு வந்தவரின் நேரம் 8.00 ஆகிறது, 5.07க்குச் சென்றவரின் நேரம் 5.00 ஆகிறது. நாளுக்கு 14 நிமிடம். 26 நாளில் 364 நிமிடம், அதாவது 6 மணி 4 நிமிடம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நாளுக்கு 9 மணிக்கோ வாரத்துக்கு 48 மணிக்கோ மேற்பட்ட வேலைக்கு இருமடங்கு ஊதியம் வகுத்தது. வாரத்தில் ஆறு நாள் எட்டு மணி உழைப்பவர்க்கு 48 மணி நிறைந்துவிடுவதால், அந்த நிமிடங்கள் வேலையில் கழிந்தவையாயின் அவை மிகைநேரமாகும். நாளுக்கு 500 ரூபாய் பெறுபவர் மாதத்தில் இழப்பது ஏறத்தாழ 758 ரூபாய், அதாவது ஒன்றரை நாள் ஊதியம்.

‘வேலையில் கழிந்தவையாயின்’ என்னும் நிபந்தனை முதன்மையானது. வாயிலுக்குள் நுழைவதும் வேலையைத் தொடங்குவதும் ஒன்றல்ல என்று நிறுவனத்தார் கூறுவதில் நியாயம் உண்டு. பொறியைத் துடைத்தல், முந்திய ஷிப்டுக்காரரிடம் நிலையைக் கேட்டறிதல், பாதுகாப்பு உடை அணிதல் ஆகியவை வேலையா என்பது விவாதத்துக்கு உரியது. ஆனால் அதை விவாதித்துத் தீர்க்க வேண்டுமேயன்றி, முழுமைப்படுத்தும் விதியால் விவாதமே எழாமல் செய்வது முறையன்று. அதே மென்பொருள் 8.02க்கு வந்தவரை 8.00க்கு முழுமைப்படுத்தாமல் தாமதமாகக் காட்டுமாறு அமைக்கப்பட்டிருந்தால், விதி ஒரு பக்கமாகவே சாய்ந்துள்ளது என்பது வெளிப்படை.

உணவு இடைவேளையில் இச்சாய்வு வேறு வடிவம் பெறுகிறது. கலிபோர்னிய மாநில உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்த்த ஒரு வழக்கில், மென்பொருள் பத்து நிமிடத்துக்கு முழுமைப்படுத்தியது. 11.02க்கு உணவுக்குச் சென்று 11.25க்குத் திரும்பியவரின் இடைவேளை 11.00 முதல் 11.30 வரை எனப் பதிவாகும். உண்மையில் 23 நிமிடமே ஓய்ந்தவர் சட்டப்படி உரிய 30 நிமிடமும் ஓய்ந்ததாகக் காட்டப்படுவார். உணவு இடைவேளையை அவ்வாறு முழுமைப்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. இந்தியாவில் இடைவேளைக்கான நேரத்தைப் பதிவின்றியே நாள்தோறும் தானாகக் கழிக்கும் அமைப்பு பரவலாக உள்ளது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரைமணியேனும் ஓய்வு தர வேண்டும் என்பது தொழிற்சாலைச் சட்டத்தின் கட்டளையாக இருந்தது. ஓய்வே இல்லாமல் உழைத்த நாளிலும் ஓய்வு தந்ததாக ஆவணத்தை எழுதிவைக்கிறது தானியங்கிக் கழிப்பு. ஊதியம் குறைவதோடு, சட்டமீறலின் தடமும் அழிந்துவிடுகிறது.

மூன்று தாமதம், அரை நாள்

‘மாதத்தில் மூன்று முறை தாமதமானால் அரை நாள் ஊதியம் பிடிக்கப்படும்’ என்னும் விதி இந்திய நிறுவனங்களில் மிகப் பரவலானது. பத்து பத்து நிமிடமாக மூன்று முறை தாமதமானவர் இழந்த வேலைநேரம் 30 நிமிடம். பிடிக்கப்படுவது 4 மணி நேர ஊதியம். இழந்த நேரத்தைப் போல் எட்டு மடங்கு.

1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. வராத நேரத்துக்காகப் பிடிக்கும் தொகை, மொத்த வேலைநேரத்தில் வராத நேரம் எந்த விகிதமோ அந்த விகிதத்தை மிஞ்சக் கூடாது. பத்துப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிப் பேசி முன்னறிவிப்பின்றி வராமலிருப்பது போன்ற நிலைக்கு மட்டும் விலக்கு உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு ஊதியக் குறிமுறையும் இவ்விதியைத் தொடர்கிறது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் சட்டப்படி பிடிக்கத்தக்கது 31 ரூபாய் 25 காசு. விதிப்படி பிடிக்கப்படுவது 250 ரூபாய்.

மிகுதித் தொகையை அபராதம் என்று நிறுவனம் கூறலாம். அபராதத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அது ஓர் ஊதியக் காலத்தின் ஊதியத்தில் நூற்றுக்கு மூன்றை மிஞ்சக் கூடாது. மாதம் 13,000 ரூபாய் பெறுபவர்க்கு அது 390 ரூபாய். ஆகவே தொகையைப் பொறுத்தவரை 250 ரூபாய் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அபராதம் விதிக்கத்தக்க செயல்களின் பட்டியல் முன்னரே ஒப்புதல் பெற்று அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அபராதம் விதிக்கும் முன் காரணம் கூறத் தொழிலாளிக்கு வாய்ப்பளிக்க வேண்டும். மூன்றாம் தாமதம் பதிவான கணத்தில் அரை நாளைக் கழிக்கும் மென்பொருள் எவரையும் கேட்பதில்லை. பேருந்து வராமற்போனதா, வாயிலில் வரிசை நின்றதா, கருவி ரேகையை இருமுறை மறுத்ததா என்பது அதற்குத் தெரியாது. சட்டம் ஒரு கேள்வியைக் கேட்கச் சொன்ன இடத்தில் தானியக்கம் அக்கேள்வியை நீக்கிவிட்டது.

ஊதியத்தைப் பிடிக்காமல் விடுப்பைக் கழிப்பது வேறு வழக்கம். நடுவணரசு அலுவலகங்களில் தாமதத்துக்கு அரை நாள் தற்செயல் விடுப்பு கழிக்கப்படும். ஆயினும் தக்க காரணம் இருப்பின், ஒரு மணி நேரத்துக்கு மேற்படாத தாமதத்தை மாதத்தில் இருமுறை வரை பொறுத்துக்கொள்ள அதிகாரிக்கு உரிமை உண்டு. காரணத்தைக் கேட்டறிந்து முடிவெடுக்கும் ஒரு மனிதருக்கு அவ்விதி இடம் வைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

உடற்கூறுத் தரவு

கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற இயலாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2008இலேயே உடற்கூறுத் தரவைத் திரட்டுமுன் எழுத்துவழி ஒப்புதல் பெற வேண்டும் எனச் சட்டமியற்றியது. அதன்கீழ் எழுந்த வழக்குகளில் பணியாளரின் கைரேகைப் பதிவு பற்றியவை மிகப் பல. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2024 பிப்ரவரியில், உடற்பயிற்சி, ஓய்வு மையங்களை நடத்தும் ஒரு நிறுவனம் 2,000க்கு மேற்பட்ட பணியாளரின் வருகைக்கு முகமறிதலையும் கைரேகையையும் பயன்படுத்துவதை நிறுத்துமாறு ஆணையிட்டது. அட்டை போன்ற எளிய வழிகள் இருக்கையில் இது தேவைக்கு மிஞ்சியது என்பதே அதன் காரணம்.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னிலக்கத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காகத் தரவை ஒப்புதல் பெறாமலே கையாள 7ஆம் பிரிவில் இடந்தந்துள்ளது. எனவே இங்கு ஒப்புதலைவிடத் தேவை என்னும் கேள்வியே முன்னிற்க வேண்டும். பதினைந்து பேர் வேலை செய்யும், முதலாளியே வாயிலில் அமர்ந்திருக்கும் பட்டறைக்கு முகமறி கருவி எதற்கு என்பது நியாயமான கேள்வி.

தவறிய பதிவும் திருத்தமும்

எந்த முறையிலும் பதிவுகள் தவறும். மின்சாரம் நின்றிருக்கும், ரேகை பொருந்தியிராது, தொழிலாளி மறந்திருப்பார். ஆகவே திருத்தும் வழி இல்லாத வருகைப்பதிவு முறை இல்லை. அவ்வழியே முறையின் மிக மெலிந்த இடமும் ஆகும். மேற்பார்வையாளர் ஒருவர் வெளியேற்ற நேரத்தை 7.40இலிருந்து 5.00 ஆக்கிவிட முடியுமானால், கருவியின் துல்லியத்தால் பயனில்லை. மூலப் பதிவு அழியாதிருக்க வேண்டும். திருத்தம் அதன்மேல் தனி வரியாக ஏற வேண்டும். யார் திருத்தினார், எப்போது, பழைய நேரம் எது, புதிய நேரம் எது, காரணம் என்ன என்னும் ஐந்தும் அவ்வரியில் இருக்க வேண்டும். கையெழுத்துப் பதிவேட்டில் அடித்து எழுதினால் அடித்த தடமேனும் எஞ்சியது. தரவுத்தளத்தில் மேலெழுதினால் ஒன்றும் எஞ்சாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 மே 14 அன்று, ஸ்பெயின் நாட்டுத் தொழிற்சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், நாள்தோறும் ஒவ்வொரு தொழிலாளியும் உழைக்கும் நேரத்தை அளக்க நிறுவனங்கள் முறையொன்றை அமைக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அம்முறை சார்பற்றதாகவும் நம்பத்தக்கதாகவும் அணுகத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்றது. இம்மூன்றில் மூன்றாவதே பெரும்பாலும் விடுபடுகிறது. தொழிற்சங்கம் நேரப்பதிவை எதிர்க்காமல் அதைக் கோரி வழக்குத் தொடுத்தது என்பதும் நினைவுகொள்ளத்தக்கது. பதிவில்லாத இடத்தில் ஊதியமில்லா மிகைநேரத்தை மெய்ப்பிக்கத் தொழிலாளியிடம் ஏதும் இருப்பதில்லை.

இந்தியாவில் மூலப் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதற்கும் சட்டமே ஓர் அளவு தருகிறது. 1936ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊதியக் கோரிக்கையை 12 மாதத்துக்குள் எழுப்ப வேண்டியிருந்தது; ஊதியக் குறிமுறை அதை மூன்று ஆண்டாக்கியுள்ளது. குறைத்து வழங்கினார் என்னும் கோரிக்கை எழுந்தால், முழுதும் வழங்கியதை மெய்ப்பிக்கும் பொறுப்பையும் அது நிறுவனத்தின் மேல் வைத்துள்ளது. நினைவகம் நிறைந்தவுடன் பழைய பதிவுகளை அழித்து எழுதும் கருவியை நம்பியிருக்கும் நிறுவனம், தன் தரப்புச் சான்றையே அழித்துக்கொள்கிறது.

ஊதியச் சீட்டு தருவது கட்டாயம். அதில் வேலை செய்த நாட்கள், மிகைநேரம், பிடித்தம், நிகரத் தொகை ஆகியவை இடம்பெறுகின்றன. அந்த நாட்களும் மணிகளும் எந்தப் பதிவுகளிலிருந்து, எந்த விதியால் வந்தன என்பது சீட்டில் இல்லை. மாதத்தின் 52 பதிவுகளையும், முழுமைப்படுத்தலுக்கு முன்னும் பின்னுமான நேரங்களையும், திருத்தங்களையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டுச் சீட்டோடு இணைக்க மென்பொருளுக்குச் சில வினாடியே ஆகும். தமிழில் அச்சிடுவதற்கும் தடையேதும் இல்லை. அந்தப் பக்கம் கையில் இருந்தால், 5ஆம் தேதி இரவுக்கு ஏன் ‘வரவில்லை’ என்று உள்ளது என்பதைத் தொழிலாளி டைம் ஆபீஸ் சன்னலில் நின்று கேட்க முடியும்.